பணியாரத்தைத் தின்றுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்

2023 நவம்பர் 11, சனிக்கிழமை. மறுநாள் தீபாவளி. காரைக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில், எங்கள் கால்பந்து கிளப் தலைவர் வீட்டு முகப்பில் உட்கார்ந்திருக்கிறேன். கீழே ஆத்தங்குடிக் கல், மேலே பர்மாத் தேக்குத் தூண். தட்டில் நாலு வெள்ளைப் பணியாரம், மிளகாய்ச் சட்னி. “சாப்பிடுங்க கோச் சார், ஆறிடப் போகுது” என்று மூன்று முறை சொன்னார்கள். நாலாவது பணியாரத்தைப் பிட்டபோது செயலாளர் ஒரு பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து லெட்டர்பேட் தாளை எடுத்து வைத்தார். ரப்பர் ஸ்டாம்ப் ஏற்கெனவே குத்தியிருந்தது. “பேசிப் பிரிஞ்சுக்கிறதுதான் சார் ரெண்டு பேருக்கும் மரியாதை” என்றார். கை கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு கையெழுத்துக்கு எனக்கு எவ்வளவு செலவானது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் தேவகோட்டைப் பக்கத்துக்காரன். பன்னிரண்டு வருஷம் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. வாத்தியார். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி லைசென்ஸ், அப்புறம் சி லைசென்ஸ் இரண்டும் சொந்தக் காசில் முடித்தவன். 2022-இல் இந்த கிளப் என்னைத் தேடி வந்தபோது தலைகால் புரியவில்லை. மாதம் 30,000, இரண்டு வருஷம், 2024 மே வரைக்கும். பள்ளிச் சம்பளத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஆனால் “தலைமைப் பயிற்சியாளர்” என்று நோட்டீஸில் பேர் வரும். வேலையை விட்டேன். ஒப்பந்தம் என்று கொடுத்தது ஒரே ஒரு தாள். அதில் என்னை “ஆலோசகர்” என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் பிஎஃப் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, நாளைக்குத் தகராறு என்றால் தொழிலாளர் அலுவலகப் பக்கம் போவதும் கஷ்டம் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நடுவில் பிரிந்தால் என்ன ஆகும் என்று ஒரு வரி கூட அதில் இல்லை. கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்று ஒரு ஒப்பந்தம் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடுகிற ஊர் இது. கரண்டி முதற்கொண்டு சாமான் பட்டியல் எழுதுவார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு நான் வாய்ப்பேச்சை நம்பி வேலைக்குச் சேர்ந்தேன்.

முதல் வருஷம் நன்றாகத்தான் போனது. தொண்டிப் பக்கத்துப் பையன்கள் ஆறு பேர், காரைக்குடி கல்லூரிப் பையன்கள், இரண்டு மதுரைக்காரர்கள். செம்மண் மைதானத்தில் விழுந்தால் முழங்கால் தோல் போய்விடும், ஆனாலும் விழுந்து விழுந்து ஆடினார்கள். இரண்டாவது வருஷம், 2023 ஜூலையில், பணம் போட்டுக்கொண்டிருந்த முக்கியமான புரவலருக்குத் தொழிலில் அடி. அவர் ஒதுங்கிக்கொண்டார். அது எங்களுக்கு யாரும் சொல்லித் தெரியவில்லை, மெஸ்ஸில் முட்டை நின்றபோதுதான் தெரிந்தது. ஆகஸ்டில் வீட்டுக்குப் போன கோல்கீப்பர் திரும்பவில்லை. தடுப்பு வரிசையில் நடுவில் ஆடுகிற சென்டர் பேக் ஒருவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். மதுரையில் ஒன்பது மேட்ச் ஆடினோம்: ஒரு வெற்றி, இரண்டு டிரா, ஆறு தோல்வி. ஐந்து பாயின்ட். தோற்றதற்கு நானும் காரணம், மறைக்க ஒன்றும் இல்லை. ஆள் இல்லாதபோதும் டிஃபென்ஸ் லைனை மேலே ஏற்றி ஆடச் சொன்னது என் பிடிவாதம். கடைசி இரண்டு மேட்சில் முதுகுக்குப் பின்னால் விழுந்த பந்தில் மட்டும் ஐந்து கோல் வாங்கினோம்.

சம்பளம் ஆகஸ்டில் நின்றது. “அடுத்த வாரம் சார்” என்றார்கள். நான் கேட்டதெல்லாம் போனில், இல்லாவிட்டால் மைதானத்து ஓரத்தில் நின்றபடி. எழுத்தில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டால் சின்னத்தனமாகத் தெரியும் என்ற கூச்சம். கேட்காதது மட்டுமா, என் காசையும் போட்டேன். மதுரைக்கு வேன் வாடகை இரண்டு தடவை 13,000. மெஸ் அக்காவுக்கு அட்வான்ஸ் 15,000, அவர் அடுப்பை அணைத்துவிட்டால் பையன்கள் அன்று ராத்திரியே பஸ் ஏறியிருப்பார்கள். மூன்று பேருக்கு பூட்ஸ், எல்லோருக்கும் ஷின் கார்டு 9,200. டேப், ஐஸ், ஸ்பிரே என்று 1,400. ஆக 38,600. இதற்காக வீட்டுக்காரியின் இரண்டு பவுன் செயினை அடகு வைத்து 60,000 வாங்கியிருந்தேன். அவள் கழற்றிக் கொடுத்தபோது ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குப் புத்தி வந்திருக்குமோ என்னவோ. இப்போது பயிற்சியாளராக இருக்கிற யாராவது இதைப் படித்தால், கிளப்புக்காகக் கைக்காசு போடும் நிலை வந்தால் போடுவதற்கு முன்னாலேயே “இன்ன செலவுக்கு இவ்வளவு, என் கையிலிருந்து கொடுக்கிறேன், கிளப் திருப்பித் தர வேண்டும்” என்று செயலாளருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போடுங்கள். அவர் “ஓகே சார்” என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். வேன்காரரிடம் ஜிபே பண்ணுங்கள், ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். என் 13,000-க்கு ஆதாரம் வேன்காரர் நல்ல மனுஷன் என்பது மட்டும்தான்.

அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். ஐந்து வரி. முதல் மூன்று வரி நன்றி, வாழ்த்து. நாலாவது வரி, “இரு தரப்பும் கலந்து பேசி, பரஸ்பர ஒப்புதலுடன் பிரிவதென முடிவு செய்யப்பட்டது.” ஐந்தாவது வரி, “இன்றைய தேதி வரை எனக்குச் சேர வேண்டிய தொகை எதுவும் நிலுவையில் இல்லை.” அப்போது எனக்கு மூன்று மாதச் சம்பளமும் நவம்பரில் பதினொரு நாளும் பாக்கி. அதுவே 1,01,000. கைக்காசையும் சேர்த்தால் 1,39,600. ஐந்தாவது வரியைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் போட்டேன். “இது சும்மா ஃபார்மாலிட்டி சார், ஆடிட்டருக்காக. உங்க காசு எங்க போகுது” என்று சொல்லி, 50,000-க்கு ஒரு செக்கை நீட்டினார்கள். டிசம்பர் 15 தேதியிட்டது. மீதி பொங்கலுக்கு என்றார்கள். கூடவே ஒரு கிலோ இனிப்புப் பெட்டி. வீட்டுக்கு வந்து தாளை மறுபடி பார்த்தபோதுதான் கவனித்தேன், கடிதத்தில் தேதி நவம்பர் 9. என்னோடு “கலந்து பேசியது” 11-ஆம் தேதி. பேச்சு நடப்பதற்கு இரண்டு நாள் முன்னாலேயே ஒப்புதல் டைப் அடித்தாகிவிட்டது.

ஏன் போட்டேன்? பயத்தினால் இல்லை, வெட்கத்தினால். “நீக்கிவிட்டார்கள்” என்று ஊருக்குள் சொல்வதைவிட “பேசிப் பிரிந்தோம்” என்பது கேட்க நன்றாக இருந்தது. பெரிய இடத்துச் சொல் அது. 2015 டிசம்பரில் இங்கிலாந்தின் செல்சி கிளப் தன் பயிற்சியாளர் மொரீனியோவை அனுப்பியபோதும் பரஸ்பர ஒப்புதல் என்றுதான் அறிவித்தது. லீக் ஜெயித்து ஏழே மாதம், பட்டியலில் 16-ஆவது இடம். அப்போது அதை வாசித்துவிட்டு, எவ்வளவு நாகரிகம் பார் என்று என் பையன்களிடம் சொல்லியிருக்கிறேன். அந்த நாகரிகமான வாக்கியத்துக்குப் பின்னால் வக்கீல்களும் ஒப்பந்தத்தில் பாக்கி இருந்த வருஷங்களும் உட்கார்ந்து பேசியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நம் நாட்டிலேயே பாருங்கள். 2024 ஜூனில் இந்திய அணியின் பயிற்சியாளர் ஸ்டிமாச்சை நீக்கினார்கள். அவருக்கு 2026 வரை ஒப்பந்தம் இருந்தது, விடவில்லை, கடைசியில் 4 லட்சம் டாலருக்குக் கணக்கு முடிந்தது. அடுத்து வந்த மனோலோ மார்க்கெஸ் எட்டு மேட்சில் ஒரே வெற்றியோடு 2025 ஜூலையில் போனார். அது பரஸ்பர ஒப்புதல், கூட்டமைப்புக்குப் பணச்சுமை எதுவும் இல்லை என்று அறிவிப்பிலேயே சொல்லிவிட்டார்கள். அதாவது, அந்தச் சொல்லுக்குள் பணம் இருக்கவும் செய்யும், இல்லாமலும் இருக்கும். எது என்பது தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. எனக்கு ஒப்பந்தத்தில் இன்னும் ஆறரை மாதம் பாக்கி இருந்தது, கிட்டத்தட்ட 2 லட்சம். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசலாம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. தோற்ற கோச்சுக்கு என்ன கேள்வி என்று நானே நினைத்துக்கொண்டேன்.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால் ஒன்றைத்தான் முதலில் சொல்கிறேன். ஊருக்குச் சொல்கிற அறிவிப்பு வேறு தாள், கணக்கு முடிக்கிற ஒப்பந்தம் வேறு தாள். இரண்டையும் ஒரே தாளில் நீட்டினால் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, “வீட்டில் காட்டிவிட்டுத் திங்கட்கிழமை தருகிறேன்” என்று எழுந்து வந்துவிடுங்கள். யாரும் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை. அறிவிப்பில் அவர்கள் என்ன நன்றி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். கணக்குத் தாளில், எந்த மாதத்துக்கு எவ்வளவு பாக்கி, கைச்செலவு எவ்வளவு, எந்தத் தேதியில் எந்த வங்கிக் கணக்குக்கு வரும், பாக்கி ஒப்பந்தக் காலத்துக்கு ஏதாவது உண்டா இல்லையா என்று இருக்க வேண்டும். “நிலுவை இல்லை” என்ற வரி வேண்டும் என்று அடம்பிடித்தால், “மேற்கண்ட தொகை முழுவதும் என் கணக்கில் வரவான பிறகே இது செல்லும்” என்று அதே வரிக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதிவிட்டுப் போடுங்கள். போட்டதில் ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். குறைந்தது போனில் ஒரு படம்.

தீபாவளியைப் பற்றி ரொம்பச் சொல்ல மாட்டேன். மகள் மத்தாப்பு கொளுத்தும்போது நான் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைகூப்பும் பொம்மை நாற்பது, ஐம்பது. பையன்களில் ஒருவன் மட்டும் தனியாக, “சார் நீங்க விட்டுட்டு போயிட்டீங்களா” என்று அனுப்பியிருந்தான். அதற்கு என்ன பதில் போடுவது? பரஸ்பர ஒப்புதல் என்றால் நானும் விரும்பித்தான் போனேன் என்று அர்த்தம். பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போகிற பழக்கத்தையே விட்டேன். பள்ளியில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. ஏழு மாதம் வேலை இல்லை.

செக் கதை இன்னும் மோசம். டிசம்பர் 15 அன்று காலையில் போன், “சார், இப்பப் போட வேணாம், அக்கவுன்ட்ல இல்ல, பொங்கல் கழிச்சுப் போடுங்க.” பொங்கல் போனது. “மாசி பிறக்கட்டும்.” மாசியும் முடிந்து, மார்ச் 18 அன்று, பொறுமை போய் வங்கியில் கொண்டுபோய்ப் போட்டேன். பணம் இல்லை என்று திரும்பவில்லை, காலாவதி என்று திரும்பியது. செக்குக்கு ஆறு மாதம் ஆயுள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2012 ஏப்ரலிலிருந்து அது மூன்று மாதம்தான். டிசம்பர் 15 செக், மார்ச் நடுவில் செத்துப்போனது. நான் தவறவிட்டது மூன்று நாள். அந்த மூன்று நாளில் என்ன போனது என்று பின்னால் வக்கீல் விளக்கினார். காலத்துக்குள் போட்டு, பணம் இல்லை என்று திரும்பியிருந்தால், அந்த மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் அவர்கள் கட்டாவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் குற்ற வழக்கே போடலாம். “செக் கேஸ்னு சொன்னாலே பாதிப் பேர் பணத்தோட வந்துருவாங்க. உங்ககிட்ட இருந்த ஒரே ஆயுதத்தப் பீரோக்குள்ள வச்சுத் துருப்பிடிக்க விட்டுட்டீங்க” என்றார். “போட வேண்டாம்” என்று சொன்னால், சரி என்று சொல்லிவிட்டு, புதுத் தேதியில் வேறு செக் வாங்குங்கள். அல்லது போட்டுவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வக்கீலிடம் போவதற்கு முன்னால் என்னைத் தேற்றியது நண்பனின் அப்பா. இளம் வயதில் பினாங்கில் ஒரு லேவாதேவிக் கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகப் போய், மேலாளுக்கு அடுத்த நிலையில் அடுத்தாளாகத் திரும்பியவர். இன்றைக்கும் பால் கணக்கைப் பேரேட்டில் எழுதுகிறவர். நான் போய்ப் புலம்பினேன். கால்மணி நேரம் கேட்டுவிட்டு, “திட்டுறதெல்லாம் அப்புறம் திட்டுங்க தம்பி. தேதி சொல்லுங்க, தொகை சொல்லுங்க” என்று நோட்டை எடுத்தார். அன்று ராத்திரி ஐந்தொகை மாதிரி ஒன்று போட்டுக் கொடுத்தார். எந்தத் தேதியில் எனக்கு என்ன வர வேண்டும், எதற்கு ஆதாரம் உண்டு, எதற்கு வாய்ச்சொல் மட்டும், எல்லாம் ஒரே பக்கத்தில். ஆதாரம் இல்லாததற்கு எதிரே சின்னதாக ஒரு சுழி. நாலு மாதமாக என் நெஞ்சில் கனத்தது அந்தப் பக்கத்தில் பதினோரு வரிதான் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

வக்கீல் ஆலோசனைக்கு 1,500, நோட்டீஸுக்கு 3,500. பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. என் கையெழுத்துள்ள “நிலுவை இல்லை” வரி எங்களுக்குப் பெரிய முட்டுக்கட்டை. ஆனால் அதே நாள் அவர்களே 50,000-க்குச் செக் கொடுத்திருக்கிறார்களே, பாக்கி இல்லாமல் எதற்குச் செக்? திரும்பி வந்த செக்கின் நகலை வைத்துத்தான் நோட்டீஸ் நின்றது. சிவில் வழக்குக்கு மூன்று வருஷம் அவகாசம் உண்டு என்றாலும் கோர்ட் படி ஏறுவதற்கு எனக்குத் தெம்பு இல்லை. நோட்டீஸ் போய் இருபது நாளில் செயலாளர் கூப்பிட்டார், குரலில் வருத்தம். “நம்மளுக்குள்ள நோட்டீஸ் எல்லாம் எதுக்கு சார்?” இரண்டு தவணையில் 60,000 வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன். 79,600 போனது. நகை மீட்க ஆன வட்டி 8,400. வக்கீல் செலவு தனி.

இதோடு முடிந்தது என்று நினைத்தால், வருமான வரி. சம்பளத்தில் மாதாமாதம் 10 சதவீதம், 3,000, டிடிஎஸ் என்று பிடித்துவிட்டு 27,000 தான் போடுவார்கள். பதினாலு மாதத்துக்கு 42,000. என் வருமானத்துக்கு வரியே கிடையாது, ரிட்டர்ன் போட்டால் முழுதும் திரும்பி வரும் என்று ஒரு நம்பிக்கை. நம் பேரில் எவ்வளவு வரி கட்டியிருக்கிறது என்று காட்டும் படிவம் 26ஏஎஸ் எடுத்துப் பார்த்தால், முதல் இரண்டு காலாண்டுக்கு மட்டும் 12,000 ஏறியிருக்கிறது. மீதி 30,000 பிடித்தார்கள், கட்டவில்லை. வருமான வரி இணையதளத்தில் நுழைந்தால் ஐந்து நிமிட வேலை அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்திருந்தால் 2023 ஆரம்பத்திலேயே கிளப்பின் நிலைமை எனக்குத் தெரிந்திருக்கும். மெஸ்ஸில் முட்டை நிற்பதற்கு ஆறு மாதம் முன்னாலேயே அங்கே பணம் நின்றுவிட்டது. அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

எப்போது விழித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஓர் அளவுகோல் சொல்கிறேன். 2021 ஜனவரியிலிருந்து உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா பயிற்சியாளர்களுக்கும் விதி வைத்திருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் தவறினால், எழுத்தில் கேட்டுக் குறைந்தது 15 நாள் கெடு கொடுத்து, அப்போதும் வராவிட்டால் தகுந்த காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். அது நாடு விட்டு நாடு போய் வேலை செய்கிற கோச்சுக்கு உள்ள ஏற்பாடு, செட்டிநாட்டுச் செம்மண்ணுக்கு நேரடியாக வராது. ஆனால் கணக்கை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மாதம் தாண்டினால் வாயால் கேட்பதை நிறுத்திவிட்டு மெயிலில் கேளுங்கள். நான் செப்டம்பர் கடைசியில் அப்படி ஒரு மெயில் போட்டிருந்தால், “நிலுவை இல்லை” என்ற வரியை எழுத அவர்களுக்கே கை கூசியிருக்கும். இன்னொன்று, போகிற நாளிலேயே அனுபவச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். எனக்கு அது கிடைக்க மூன்று மாதம் ஆனது, நடுவில் சிவகங்கையில் ஒரு பள்ளி வேலை கைநழுவியது.

இப்போது வேறொரு பள்ளியில் இருக்கிறேன், சாயங்காலம் பதினான்கு வயதுக்குட்பட்ட பையன்களுக்குப் பயிற்சி. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன வாரம் வந்த ஒரு போன். பக்கத்து ஊர் கிளப்பில் கோச்சாக இருக்கிற தம்பி, வயது இருபத்தொன்பது. டீம் தொடர்ந்து தோற்கிறது, மூன்று மாதம் சம்பளம் இல்லை. “அண்ணே, வெள்ளிக்கிழமை தலைவர் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லியிருக்காங்க. பேசிக்கலாம்னு சொல்றாங்க” என்றான். போ, நல்லா சாப்பிடு, பேனாவை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போ என்று சொல்லியிருக்கிறேன்.